தாராவி மாடியறையில் ஓடிய ரயில்

மும்பை செம்பூரில் தம்பி வீட்டிலிருந்து கிளம்பும்போது காலை எட்டே கால். ஜூலை மழை விடவில்லை. தாராவிக்குப் போக, குர்லாவில் வண்டி மாறிச் சயானில் இறங்க வேண்டும். சீட்டு ஐந்து ரூபாய். குர்லாவில் நானாக ஏறவில்லை, பின்னால் வந்த கூட்டம் என்னைப் பெண்கள் பெட்டிக்குள் தள்ளிவிட்டது.

"சயானா? இப்பவே வாசப் பக்கம் வாங்கக்கா. இல்லைன்னா தாதர்லதான் எறங்குவீங்க" என்று ஒரு பெண் என் தோளைப் பிடித்து நகர்த்தினாள். டோம்பிவிலியிலிருந்து ஒரு மணி நேரமாக நின்றபடி வருகிறாளாம். "அங்க வாடகை கம்மி. பையன் தூங்கறப்ப கெளம்பறேன், தூங்கறப்ப போய்ச் சேர்றேன்" என்றாள். அதற்குள் சயான் வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் மழலையர் பள்ளி ஆசிரியை நான். பயிற்சிப் பள்ளியில் என்னோடு படித்த ஜெசிந்தா, கல்யாணமாகித் தாராவிக்கு வந்து பத்தொன்பது வருடம். மாடியில் ஓர் அறை பிடித்து, சிலேட்டும் புத்தகமும் இல்லாமல், விளையாட்டை மட்டும் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். பார்த்துப் பழகிக்கொண்டு போகத்தான் வந்தேன்.

ஒன்பது மணிக்குச் சந்து முனையில் குடையோடு நின்றாள். "வந்துட்டியாட்டி? ஏணி வழுக்கும், கயித்தப் பிடிச்சிக்கோ."

கீழே தோல்பை தைக்கும் கடை. மேலே பத்தடிக்குப் பத்தடி அறை. இருபத்திரண்டு பிள்ளைகள் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

"மத்தவங்க?"

"போயிட்டாவ. இந்தச் சந்த இடிச்சிக் கட்டப் போறாவளாம். கீழ உள்ளவங்களுக்கு மாத்து வீடு உண்டு. மாடியில வாடகைக்கு இருக்கவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. மாசக் கடைசிக்குள்ள நானும் எறங்கணும்."

இதைச் சொல்லிவிட்டு உடனே பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கீழ்க் கடையில் விழும் தோல் துண்டுகளை ஒரு பக்கெட்டில் சேர்த்து வைத்திருந்தாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி, "வழுவழு", "சொரசொர" என்று பிரித்தார்கள். அப்புறம் எலுமிச்சம்பழக் கடை. "தோ நிம்பு குடு" என்று ஒருத்தி கேட்க, கடைக்காரன் மூன்றைக் கொடுக்க, "ஏ, ஒண்ணு ஜாஸ்தி!" என்று எல்லோரும் கத்தினார்கள். கூட்டல் கழித்தல் அந்தச் சிரிப்பில் முடிந்துபோனது. நான் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தேன்.

பத்தரை மணிக்கு ரயில் விளையாட்டு. அதற்குக் காரணம் உண்டு. போன மாதம் இங்கிருந்து விக்ரோலிக்குக் குடிபோன நாலு வயதுப் பெண் புது இடத்தில் வழி தவறிவிட்டாள். எந்த இடம் என்று கேட்டவர்களிடம், "டீச்சர் வீட்டுப் பக்கம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம்தான் கிடைத்தாள்.

ஜெசிந்தா எஞ்சின். பதினொரு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றினார்கள். இறங்குகிற பிள்ளை தன் பேர், அப்பா பேர், குடிபோகப் போகிற இடத்து ஸ்டேஷன் மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

"சுனாபட்டி வேற லைனு, அங்க இந்த வண்டி போவாதுல்லா டீச்சர்?" என்றான் ஒருவன்.

"நம்ம வண்டி போவும்ல."

சுனாபட்டியில் மூவர் இறங்கினார்கள். விக்ரோலியில் மூவர். டோம்பிவிலி தூரம் என்பதால் இரண்டு சுற்று சுற்றினார்கள். அங்கே நாலு பேர். இறங்கியவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கைதட்டினார்கள். கடைசியில் ஜெசிந்தாவின் முந்தானையைப் பிடித்தபடி அனிஷ்மா மட்டும் நின்றாள். அவள் அப்பாவுக்குக் கீழே அதே தோல்கடையில் வேலை. குடிபோக இன்னும் ரூம் அமையவில்லை.

"டீச்சர், மேரா ஸ்டேஷன் கௌன்சா?" தன் ஸ்டேஷன் எது என்று கேட்டாள்.

ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. "வண்டி இன்னும் போவுது மக்கா" என்று மறுபடி சுற்றினாள். இன்னொரு சுற்று. கைதட்டல் நின்றுவிட்டது. நான்காவது சுற்றில் அந்தப் பிள்ளையே முந்தானையை விட்டாள்.

"செவப்பு சிக்னல் விழுந்துட்டு டீச்சர்" என்று சொல்லி, அறை நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெசிந்தா ஸ்டவ் பக்கம் போய்ப் பால் காய்ச்சத் தொடங்கினாள். பால் பொங்கி வழிந்தபிறகும் அடுப்பை அணைக்கவில்லை. நான் போய் அணைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் தாய்மார்கள் வந்தார்கள். அனிஷ்மாவின் அம்மா ஏணியின் கீழேயே நின்று, "இன்னைக்கு என்னட்டி படிச்ச?" என்றாள்.

"வண்டி நின்னுட்டும்மா."

அம்மா நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தாள். "ரூம் பாத்துட்டுதான் இருக்கோம் டீச்சர். அமைஞ்சதும் சொல்லுதேன், நீங்க பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துருங்க."

சயான் பாலம்வரை ஜெசிந்தா என்னோடு நடந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போக, "ஒண்ணும் சொல்லாதட்டி" என்றாள்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து ஜெசிந்தாவோடு போனில் பேசினேன். விக்ரோலியில் அக்காள் வீட்டில் இருக்கிறாள். பள்ளி நடத்த அறை கிடைக்கவில்லை. அனிஷ்மாவைப் பற்றிக் கேட்டேன். "அவங்க வீட்டுக் கதவு பூட்டிக் கெடந்துச்சு. அவ அம்ம போன் பண்ணுவான்னு இருக்கேன்" என்றாள்.

மறுநாள் என் வகுப்பில் முப்பது பிள்ளைகளிடமும் வீடு எங்கே என்று கேட்டேன். தெரு பேரோ, நம்பரோ ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "அங்க" என்றார்கள்.