பாடப்படி நடந்த ஒரு காலை

உங்கள் வீட்டில் யார் சம்பாதிக்க வேண்டும், யார் சமைக்க வேண்டும் என்று தீர்மானித்தது யார்? நீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் 'கரண்டி' என்று பட்டப்பெயர். நூற்பாலையில் இயந்திரம் ஓட்டியவர். மகள் பிறந்த வருஷமே ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். மனைவிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை இருந்தது. குழந்தைக்குப் பசி இருந்தது. இவருக்கு இரண்டு கை இருந்தது. மனைவி ஸ்பேனரோடு கிளம்பினாள், இவர் கரண்டியைப் பிடித்தார். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. பட்டப்பெயரைக் கேட்டு முதலில் முகம் சுண்டியவர், பிறகு, "கரண்டி இல்லாம உங்க வீட்ல ஒரு நாள் ஓட்டிப் பாருங்களேன்" என்று திருப்பிக் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு மாலை, மகளின் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கும்போது ஒரு தாள் கையில் தட்டுப்பட்டது. மறுநாள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய சமூகவியல் கட்டுரை. சமூகம் ஓர் உடம்பு, குடும்பம் அதில் ஓர் உறுப்பு. பிள்ளையை மனிதராக்குவதும் பெரியவர்களின் மனதை ஆற்றுவதும் அதன் வேலை. அதற்காகவே ஆண் வெளியே சம்பாதிக்கிறான், பெண் உள்ளே அரவணைக்கிறாள். செயல்பாட்டுக் கோட்பாடு என்று பாடநூல் சொல்வதை அழகாக எழுதியிருந்தாள். கடைசி வரி: 'சான்று, என் குடும்பம். அப்பா வேலைக்குப் போகிறார். அம்மா சமைக்கிறார்.'

அவருக்கு உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. ஊர் சொன்னால் சிரித்துவிடலாம். இவளுமா?

மனைவி வந்ததும் தாளை நீட்டினார். படித்துவிட்டு அவள் கண்ணடித்தாள். "எழுதினபடியே நடந்து காட்டிடலாங்க."

மறுநாள் காலை அவர் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். அடுப்படியில் பால் பொங்கி அடுப்பையே அணைத்தது.

"அப்பா, என் சாப்பாடு?"

"நான் சம்பாதிக்கிற ஆளு பாப்பா. உள்ள கேளு."

"அம்மா, என்னம்மா இது கருகல் வாசனை?"

"அரவணைக்கிறேன்டி. கிட்ட வா, தலை பின்னி விடுறேன்."

போல்ட்டு முறுக்கிப் பழகிய கை.

"ஐயோ விடும்மா, புருவம் மேல ஏறுது!"

"நான் முறுக்கினது எதுவும் இதுவரைக்கும் கழண்டதில்லடி!"

மகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னு பயந்துட்டேம்பா."

"பண்ணட்டும். சமைக்கிறதுல எனக்கு வெட்கம் இல்ல பாப்பா. நீ மறைச்சதுதான்..." முடிக்காமல் எழுந்து அடுப்பைத் துடைத்தார்.

அவள் அங்கேயே நின்று கடைசிப் பத்தியை மாற்றினாள்: 'வேலைகள் நடந்தாக வேண்டும் என்பது சரி. ஆனால் இதயத்தால் ஈரலின் வேலையைச் செய்ய முடியாது, மனிதரால் முடியும். சான்று, என் குடும்பம். அப்பா சமைக்கிறார். அம்மா லிஃப்ட் பழுது பார்க்கிறார். நான் நன்றாக இருக்கிறேன்.'

பத்துக்கு ஏழு கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'இது பாடநூலில் இல்லை.'

எப்படி இருக்கும்? பாடநூலை எழுதியவர்கள் அடுப்படிப் பக்கம் தலைகாட்டியிருந்தால்தானே!

கரண்டி அந்தத் தாளை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

"எண்ணெய் தெறிக்குங்க."

"தெறிக்கட்டுமே. இது இருக்க வேண்டிய இடம் இதுதான்."

நீங்களும் இன்றைக்கே ஒரு தாளை எடுங்கள். வீட்டு வேலை ஒவ்வொன்றையும் எழுதி, எதிரே அதைச் செய்கிறவர் பெயரை உள்ளபடி எழுதுங்கள். வேறொருவர் பெயரே திரும்பத் திரும்ப வருகிறதா? பாதியை அடித்துவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள். நாளைக் காலை அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள்.