மண்ணுக்கடியிலிருந்து வந்த காற்று: சத்தர்பூருக்கு ஒரு ஜூன் மாதப் பயணம்

சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "டெல்லியில் பூமிக்கடியில் குழாய் புதைத்து, அந்தக் காற்றிலேயே வீட்டைக் குளிர வைக்கிறார்களாமே, நேரில் பார்க்க முடியுமா?" இப்போது எங்கே பார்க்கலாம் என்று எனக்குத் தெரியாது அம்மா. ஆனால் நான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. ஊர் சுற்றப் போன பயணமில்லை அது. வேறு வழி தெரியாமல் போனது.

அப்போது நாங்கள் கரோல் பாகில் ஒரு பர்சாத்தியில் குடியிருந்தோம். பர்சாத்தி என்றால் மொட்டை மாடியில் ஒற்றை அறை. கூரைக்கு மேலே சூரியனைத் தவிர வேறு குடித்தனக்காரர் கிடையாது. என் கணவருக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. மகள் மாலுவுக்கு நான்கு வயது, அவளுக்கு இழுப்பு உண்டு. டெல்லியில் ஊரே கூலர் போட்டுக்கொண்டுதான் கோடையைத் தாண்டும். தண்ணீர் சொட்டும் தட்டி வழியாக வரும் அந்த ஈரக்காற்று மாலுவுக்கு ஆகவே ஆகாது. கூலரைப் போட்டால் மூச்சு இழுக்கும், நிறுத்தினால் அறை சூளையாகிவிடும். ஏ.சி. எங்கள் பரம்பரையிலேயே யாரும் வாங்கியதில்லை.

டாக்டர் கையை விரித்துவிட்டார். நானும் மாலுவும் மாயவரத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது, அவளை அங்கேயே பள்ளியில் சேர்ப்பது, இவர் டெல்லியில் மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளுவது என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை மதராஸ் போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை.

சனிக்கிழமை இவரோடு வேலை பார்க்கும் கோபாலன் ஒரு பேச்சு சொல்லியிருக்கிறார். திருநெல்வேலிக்காரர், ஆபீஸில் கட்டட வரைபடம் போடுபவர். "ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மத்தியானம் எங்க வீட்டுல பிள்ளையப் படுக்க வச்சுப் பாருங்க சார்" என்றாராம். ஆபீஸில் அவரைக் குழாய்ப் பைத்தியம் என்பார்கள். எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்கு முன்பே பஸ் பிடித்தோம். கரோல் பாகிலிருந்து நேர் பஸ் இல்லை. செக்ரடேரியட் பக்கம் இறங்கி, மெஹ்ரோலி போகும் பஸ்ஸுக்கு மாறவேண்டும். மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். காத்திருந்ததையும் சேர்த்து இரண்டு மணி நேரம் தின்றது. குதுப் மினார் தெரிந்ததும் மாலு கைதட்டினாள். எனக்கு அதைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மெஹ்ரோலியிலிருந்து சத்தர்பூர் பக்கம் நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஆறு ரூபாய் கேட்டு நாலுக்குப் படிந்தார். இடம் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அச்சா, அந்தப் பைப்வாலா மதராசி வீடா? வீடு கட்டறேன்னு சொல்லிட்டு மூணு மாசம் பள்ளம்தான் வெட்டினார், பெஹன்ஜி. கிராமமே புதையல் எடுக்கறார்னு நினைச்சுது. கடைசியில பார்த்தா காத்தைப் புதைச்சிருக்கார்!" அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஹிந்தியில் இன்னும் கிண்டலாக இருந்தது.

வயல்களுக்கு நடுவே தனியாக ஒரு சின்ன வீடு. வெளியே அனல் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. கோபாலனின் மனைவி ஜெயம் கதவைத் திறந்து, "ஐயோ, பிள்ள மொகம் இப்படிச் செவந்து கெடக்கே, ஜல்தி உள்ள வாங்க" என்று மாலுவை வாங்கிக்கொண்டார். உள்ளே நுழைந்தேன். அம்மாடி! கூலர் சத்தம் இல்லை, ஈர வாடை இல்லை. அறையின் மூலையில், தரையோரச் சுவரில் வட்டமாக ஒரு குழாய் வாய். அதற்குள் ஒரு கை நீளம் தள்ளி ஒரு விசிறி மெதுவாகச் சுற்றியது. அதிலிருந்து, எங்கள் ஊர் மார்கழிக் காலை போல, உலர்ந்த குளிர்காற்று வந்துகொண்டிருந்தது.

கோபாலன் எங்களை உட்காரக்கூட விடாமல் விளக்கினார். தோட்டத்துக் கோடியில் வேப்பமரத்தடியில் காற்று உள்ளே போகிறது. பன்னிரண்டடி ஆழத்தில் சிமெண்டுக் குழாய் வழியாகத் தோட்டத்தின் நீளத்துக்கும் வருகிறது. வரும் வழியில் சூட்டையெல்லாம் மண்ணிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் ஏறுகிறது. "பன்னெண்டு அடி இறங்கிட்டா மண்ணுக்கு மே மாசமும் தெரியாது, ஜனவரியும் தெரியாது சார். வருஷம் பூரா ஒரே குணம். அதான் கோடையில குளுந்து வருது, குளிர்ல வெதுவெதுன்னு வருது."

"அந்த வெதுவெதுப்பாலதான் என் மானம் போச்சு" என்றார் ஜெயம், சாப்பாடு பரிமாறிக்கொண்டே. டெல்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காது என்பது இங்கே குடித்தனம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். சட்டிக்குக் கம்பளி போர்த்தி மன்றாடியவள்தான் நானும். "ஜனவரியில குழாய்ல சூடா காத்து வருதேன்னு ராத்திரி மாவுச் சட்டிய உள்ள தள்ளி வச்சுட்டேன். விடிஞ்சு பாத்தா பொங்கிக் குழாய்க்குள்ள ஓடிக் கெடக்கு! ஒரு மாசம் வீடு பூரா புளிச்ச வாடை. அப்பப் பாத்து இவுக கூட்டாளி இன்ஜினியர் ஒருத்தர் வந்தாரு. மோந்து பாத்துட்டு, பூமிக்கடியில ஏதோ கேஸ் இருக்கு, ஜாக்கிரதைன்னுட்டுப் போனாரு."

பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பினால், குழாய்க்கு எதிரே விரித்த பாயில் மாலு தூங்கிப்போயிருந்தாள். இழுப்பில்லை. வாய் மூடியிருந்தது. அடக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நம் வீட்டிலும் இப்படி ஒன்று போடலாமா என்று கோபாலனிடம் கேட்டார். "எங்கே தோண்டப் போறீங்க?" என்றேன் நான். "நம்ம தரைக்குக் கீழே மண்ணா இருக்கு? கீழ்வீட்டு லாலாஜி தலைதான் இருக்கு." சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய உண்மை என்று உறைத்தது. இவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது டிக்கெட்டை உறுதி செய்துகொள்ளத்தானா என்று இருந்தது.

கேட்ட வாசகிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வீடு இன்று இல்லை, அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. சத்தர்பூருக்கு இப்போது ராஜீவ் சௌக்கில் மாறி மெட்ரோவிலேயே போய்விடலாம், கரோல் பாகிலிருந்து ஒரு மணி நேரம். சொந்த மனையில் குழாய் போடும் எண்ணம் இருந்தால், சுவர் எழுப்புமுன் பள்ளத்தை வெட்டுங்கள், பிறகு முடியாது. காற்று நுழையும் வாயில் வலை கட்டாயம், இல்லாவிட்டால் எலி குடிவரும். குழாய் ஒரு பக்கம் சரிந்திருக்கட்டும், தண்ணீர் வடியவேண்டும். மழை தொடங்கியதும் மூடிவிடுங்கள். ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடித்தால், இழுப்புக்காரர்களுக்கு அதைவிட எமன் வேறில்லை. முக்கியமாக, மாவுச் சட்டியை வெளியே வையுங்கள்.

மாலை கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று. மாலுவை எழுப்பக் குனிந்தேன். ஜெயம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதீங்க. மழை விழுறவரைக்கும் பிள்ள இங்கனயே கெடக்கட்டும், நீங்களும் இருங்க. சார் சனிக்கிழமை சனிக்கிழமை வரட்டும்."

காலையில்தான் பார்த்த மனுஷி. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு..." என்று இழுத்தேன்.

"எத்தனையோ பேர் வந்துட்டாங்க இந்த வீட்டப் பாக்க. குழாய்ல கைய நீட்டுவாங்க, அச்சாம்பாங்க, காப்பியக் குடிச்சிட்டுப் போயிருவாங்க. வந்தவங்கள்ல இந்தக் காத்துல தூங்குனது உங்க பிள்ள ஒருத்திதான்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தனியாகப் பஸ் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை ஜி.டி. எக்ஸ்பிரஸ் நாங்கள் இல்லாமல் கிளம்பியது. அந்த நேரத்தில் மாலு ஜெயம் வீட்டில், குழாய்க்கு எதிரே அதே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அவள் அப்பா, பக்கத்தில் வெறுந்தரையில் சுருண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.