பாவிகா பார்க்காத பள்ளிக்கூடம்

துர்காசங்கர் சுமனுக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. கேள்வி கேட்பது மட்டும் நிற்கவில்லை. கோட்டா நகரத்தின் பழைய பகுதியான ராம்புராவில் வீடு. காலையில் பதினான்கு பிள்ளைகளை வேனில் ஏற்றி மூன்று பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட வேண்டும். மதியம் அதே பிள்ளைகளைக் கூட்டிவந்து வீட்டில் சேர்க்க வேண்டும். பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு.

பிள்ளைகளுக்கு அவர் காகா, அதாவது சித்தப்பா முறை. மதியம் வேனில் ஏறுகிற பிள்ளை எதுவானாலும், "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல காகா" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒன்றாவது காதில் விழுந்திருக்கும் என்பார். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தண்டவாளத்தில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். திமிங்கிலம் மீன் இல்லை என்று ஒரு பெண் சொன்னபோது நம்பவில்லை. மற்ற இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமும் விசாரித்து, மூன்று பேரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

மூன்றில் இரண்டு மத்திய போர்டு பள்ளிகள். ஒன்று மாநில போர்டு. அலுவலகம் அஜ்மீரில் இருப்பதால் ஊரில் எல்லோருக்கும் அது அஜ்மீர் போர்டு. ஏப்ரல் வந்தால் அக்கம்பக்கத்தார் பிள்ளையை எங்கே சேர்ப்பது, எந்த போர்டு என்று துர்காசங்கரிடம் வந்து நிற்பார்கள். அவர் கண்ணால் பார்த்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேசமாட்டார். "அந்த ஸ்கூல் பிள்ளைங்க திரும்பி வரும்போது சண்டை போட்டுக்கிட்டு, பேசிக்கிட்டு வருதுங்க. இந்த ஸ்கூல் பிள்ளைங்க ஏறினதும் தூங்கிடுதுங்க. எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது." வந்தவர்கள் குழம்பிப்போவார்கள். ஆனாலும் அடுத்த வருடம் தங்கையையோ மச்சினனையோ அவரிடம் அனுப்பிவைப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ரொம்ப நாளாகப் பிடிபடவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பதினொன்றில் அவருடைய வேனுக்கு வருவதே இல்லை. வளர்ந்துவிட்டார்கள், ஸ்கூட்டியில் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஆனால் பள்ளிக்கூட வாசலிலும் அந்த முகங்களைக் காணோம். கடைசியாக அப்படிக் காணாமல் போனவள் பாவிகா. ஜவுளிக்கடை லலித் விஜய்வர்கியாவின் மகள். பத்து வருடம் அவர் வேனில் வந்தவள். வேனில் அவரையே திருப்பிக் கேள்வி கேட்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

ஜூலை முதல் வாரத்தில், பிள்ளைகளை இறக்கிவிட்டு, கோச்சிங் சென்டர்கள் நிறைந்த தல்வண்டி என்ற பகுதியில் ஒரு கச்சோரிக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அவளைப் பார்த்தார். கோச்சிங் சென்டரின் பெயர் போட்ட சட்டை, முதுகில் பெரிய பை, கையில் பாதி தின்ற கச்சோரி. ஸ்கூல் நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டார். இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் போவதில்லை, காலையிலிருந்து கோச்சிங்தான் என்றாள்.

"அப்ப பன்னெண்டாவது பரீட்சை எப்படிம்மா எழுதுவ?"

"ஸ்கூல்ல பேர் இருக்கு காகா. பாரன் ரோட்டுல எங்கயோ. ஃபார்ம்ல கையெழுத்து போட்டதோட சரி."

"ஸ்கூல் எப்படி இருக்கு?"

பாவிகா யோசித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தெரியலையே காகா. நான் அதைப் பார்த்ததே இல்ல."

அன்று முழுக்க துர்காசங்கருக்கு மனசு அதிலேயே கிடந்தது. ஒரு பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. அதன் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது. இப்படி ஒன்று உண்டா?

வீட்டில் அதே விஷயம் காத்துக்கொண்டிருந்தது. அவருடைய ஒரே மகள் தனுஜா, அஜ்மீர் போர்டில் பத்தாவது முடித்துத் தொண்ணூற்றொரு சதவீதம் வாங்கியிருந்தாள். பதினொன்றில் உயிரியல் எடுப்பது என்பது மட்டும் முடிவாகியிருந்தது. மனைவி கைலாசியின் தம்பி மகேந்திரா குன்ஹாடியில் ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாளன். ஒரு கோச்சிங் சென்டரின் விளம்பரத் தாளோடு வந்து உட்கார்ந்திருந்தான். நாள் முழுக்க மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி. பெயருக்கு ஒரு மத்திய போர்டு பள்ளி. அந்தப் பள்ளியைப் பற்றி விசாரித்தால், பாவிகா சொன்ன அதே பாரன் ரோடு.

"பீகார்லேர்ந்தும் அசாம்லேர்ந்தும் ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து இங்க வந்து இறங்குறானுங்க ஜீஜாஜி" என்றான் மகேந்திரா. "நம்ம பிள்ளைக்கு சைக்கிள்ல கால் மணி நேரம். அனுப்பலைன்னா ஊரு நம்மளப் பாத்து சிரிக்கும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கைலாசியும் தலையாட்டினாள். துர்காசங்கர் கேட்டார்: "எல்லாம் சரிதான். அந்த ஸ்கூல் எப்படி இருக்கும்?"

"ஐயோ ஜீஜாஜி, அது போறதுக்கான ஸ்கூல் இல்ல. போகாம இருக்குறதுக்கான ஸ்கூல்."

கைலாசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தனுஜா சிரிக்கவில்லை. அவள் மடியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று அவளுடைய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம். இன்னொன்று மத்திய போர்டில் படித்த பாவிகா எப்போதோ வேனில் விட்டுப்போனது. இரண்டிலும் இதயத்தின் படம் இருந்த பக்கத்தை விரித்து அப்பாவிடம் காட்டினாள். அதே படம், அதே அம்புக்குறிகள். ஒன்றில் இந்தி, மற்றதில் இங்கிலீஷ். அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் எதற்காக போர்டு மாற வேண்டும் என்று அவள் மாமாவைக் கேட்டாள். எல்லோரும் மாறுகிறார்கள் என்றான் மகேந்திரா. அவனைக் குறை சொல்லவும் முடியாது. விடுதிக்கு வந்து கேட்கிற பெற்றோருக்கும் அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார் துர்காசங்கர். தனுஜாவும் வருவதாகச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டதும் மகளை ஏற்றிக்கொண்டு பாரன் சாலையில் போனார். முதல் மழை பெய்து கறுப்பு மண் பிசுபிசுத்துக் கிடந்தது. சோயா முளைத்துக்கொண்டிருந்தது. கல் அறுக்கும் பட்டறை ஒன்றைத் தாண்டி இடதுபக்கம் திரும்பி, இரண்டு இடத்தில் வழி கேட்டுக் கண்டுபிடித்தார்கள். சிவப்பும் நீலமுமாக வர்ணம் அடித்த இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் வேப்பமரம், அடிபம்பு. கீழே ஒரு அறையில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப் பிள்ளைகள் முப்பது பேர் கூட்டமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடியில் சத்தமே இல்லை.

அலுவலக அறையில் சோத்மல் பைர்வா என்ற எழுத்தர் இருந்தார். ஐம்பது வயது, காதில் பேனா. அட்மிஷனுக்கு வந்ததாகச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சேர்க்கை எல்லாம் நகரத்தில் கோச்சிங் சென்டர் மேஜையிலேயே முடிந்துவிடும், ஸ்கூலைப் பார்க்க ஒரு தகப்பன் வந்தது நான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்றார். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல இருவரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

துர்காசங்கர் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினொன்றாம் வகுப்பில் எத்தனை பேர்? இருநூற்றுப் பன்னிரண்டு. எங்கே உட்காருவார்கள்? பரீட்சை நாளில் பந்தல் போட்டு, வாடகைக்கு பெஞ்சு கொண்டுவருவார்கள். அன்றைக்கு இந்த இடம் தசரா மேளா மாதிரி இருக்கும். வருகைப் பதிவேடு உண்டா? உண்டு. சோத்மல் அதை எடுத்து விரித்தே காட்டினார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

"பாவிகா விஜய்வர்கியான்னு ஒரு பொண்ணு இருக்கா?"

சோத்மல் விரலை ஓட்டி முப்பத்தேழாவது வரியில் நிறுத்தினார். "இருக்கு பாய்சாப். இன்னைக்கும் வந்திருக்கு."

அந்த நீல மைக் குறியைப் போட்டது யார் என்று துர்காசங்கர் கேட்டார். நான்தான், காலையில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பத்தரை ஆகிவிடும், கை வலிக்கும் என்றார் சோத்மல். அதைச் சொல்லும்போது அவர் துர்காசங்கரைப் பார்க்கவில்லை.

தனுஜா அப்போதுதான் வாய் திறந்தாள். உயிரியல் ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சோத்மல் மூன்று சாவிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கதவைத் திறந்தார். அறை சுத்தமாக இருந்தது. கண்ணாடிக் குடுவைகளில் கடையின் விலைச்சீட்டுகூடக் கிழிபடவில்லை. அலமாரியில் ஆறு நுண்ணோக்கிகள், ஆறும் பிளாஸ்டிக் உறைக்குள். தொடலாமா என்று தனுஜா கேட்டதற்கு சோத்மல் தயங்கினார். போர்டிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வரும்போது மேஜைமேல் எடுத்து வைப்போம், அவர்கள் போனதும் உள்ளே வைத்துவிடுவோம், இதில் எப்படிப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது என்றார்.

"எனக்கும் படத்துலதான் தெரியும்" என்றாள் தனுஜா. "வெங்காயம் இருக்கா?"

சோத்மலின் சாப்பாட்டு டப்பாவில் நெருப்பில் சுட்ட கோதுமை உருண்டைகளோடு ஒரு பச்சை வெங்காயம் இருந்தது. தனுஜா வெங்காயத்தின் உள்மடிப்பிலிருந்து ஒரு மெல்லிய தோலை உரித்தாள். இரண்டு தடவை கிழிந்து மூன்றாவது தடவைதான் முழுசாக வந்தது. அதைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, அடிபம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். ஜன்னல் பக்கமாக நுண்ணோக்கியைத் திருப்பி, அடியில் இருந்த சின்னக் கண்ணாடியை அசைத்து அசைத்து வெளிச்சம் பிடித்தாள். முதலில் ஏதோ கறுப்புக் கம்பிகள் தெரிந்தன. அவளுடைய இமைமுடிதான் அது. திருகை மெல்லத் திருப்பினாள். பிறகு வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை.

"என்னம்மா தெரியுது?" என்று இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நீங்களே பாருங்க."

துர்காசங்கர் பார்த்தார். செங்கல் சுவர் மாதிரி, வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுவர். தினமும் சாப்பிடுகிற வெங்காயத்துக்குள் யாரோ ஒழுங்காகக் கட்டிவைத்த வீடுகள் போல இருந்தன. அடுத்து சோத்மல் குனிந்தார். எழுந்திருக்க மனசே இல்லை அவருக்கு. நான்கு வருடமாகத் தூசி தட்டுகிறேன், இதற்குள் இதெல்லாம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே என்றார். அப்புறம் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, இதையும் போட்டுப் பாரும்மா என்றார். வேப்பிலை, சோயா முளை, சோத்மலின் பீடித் துணுக்கு என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பதினொன்றரை ஆகிவிட்டது. மதியம் பிள்ளைகளை ஏற்ற நேரத்துக்குப் போக வேண்டும் என்று துர்காசங்கர்தான் எல்லோரையும் கிளப்பினார்.

திரும்பி ராம்புரா வந்ததும் தனுஜா, அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் முன்னால் வேனை நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் உயிரியல் ஆசிரியை ரேவந்தி கன்வரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: ஆய்வகத்தைத் திறப்பீர்களா? ஆசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று நுண்ணோக்கி இருக்கிறது, ஒன்று ரிப்பேர், வியாழக்கிழமைதோறும் திறப்போம், பெருக்க வேண்டியது நீங்கள்தான் என்றார்.

அங்கேயே சேர்ந்தாள். அதே அஜ்மீர் போர்டு, அதே இந்தி. மகேந்திரா ஒரு மாதம் அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. கைலாசியும் தண்ணீர்ப் பானையை வைக்கும்போதெல்லாம் சத்தம் வரும்படி வைத்துத் தன் வருத்தத்தைக் காட்டினாள். அடுத்த மே மாதம் மகேந்திராவே ஒரு சாக்கு மூட்டையோடு வந்து நின்றான். விடுதியைக் காலி செய்த பிள்ளைகள் விட்டுப்போன பயிற்சித் தாள்களில் உயிரியலை மட்டும் பொறுக்கிக் கட்டியிருந்தான். "கோச்சிங் வேணாம்னா வேணாம், தாள் மேல என்ன கோவம்?" என்றான். தனுஜா அந்த மூட்டையை ஒரு தாள் விடாமல் படித்து முடித்தாள். கடைசி வருடம் மாலையில் மட்டும் ஒரு சின்ன வகுப்புக்கும் போனாள்.

பாவிகாவைக் கச்சோரிக் கடையில் மறுபடி பார்த்தபோது, துர்காசங்கர் அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளுக்கு விவரமாகச் சொன்னார். வர்ணம், வேப்பமரம், அடிபம்பு, கீழே சின்னப் பிள்ளைகளின் வகுப்பு, முப்பத்தேழாவது வரியில் அவள் பெயர். கச்சோரி ஆறிப்போகும் வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நுண்ணோக்கியைப் பற்றிச் சொன்னபோது, "எனக்கு கணக்கு குரூப் காகா, அது தேவையில்ல" என்றாள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "வெங்காயம் நிஜமாவே செங்கல் மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் நன்றாகத்தான் படித்தாள். ஜபல்பூரில் ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் அப்பா லலித்ஜி தெரு முழுக்க லட்டு கொடுத்தார். துர்காசங்கர் வீட்டுக்கு இரண்டு பங்கு.

தனுஜாவுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அழுதாள். இன்னொரு வருடம் எழுதிப் பார் என்று மகேந்திரா சொன்னான். கைலாசியும் அதையே சொன்னாள். பாரன் ரோட்டுப் பள்ளியில் சேர்த்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று துர்காசங்கருக்கே சில நாள் உள்ளுக்குள் உறுத்தியது. அதை அவர் மகளிடமும் சொன்னார். இருக்கலாம் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கோட்டா வேளாண் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள்.

இப்போது இரண்டாம் வருடம். போன ஞாயிற்றுக்கிழமை சாங்கோத் பக்கம் ஒரு சொந்தக்காரரின் வயலில் சோயா இலைகள் மஞ்சளாகிவிட்டன என்று கேள்விப்பட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளை ஈ பரப்புகிற நோய் இது என்றாள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். துர்காசங்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேற்றில் குந்தி உட்கார்ந்து, அந்த ஈ ராத்திரி எங்கே தூங்கும் என்று கேட்டார். அது தனக்குத் தெரியாது, திங்கட்கிழமை கல்லூரியில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் தனுஜா.