உப்புக் கிட்டங்கியில் எண்பத்தைந்து

எங்கள் ஊரில் தேர்தல் முடிவைத் தெருத் தெருவாகப் பிரித்துக் கணக்குப் பார்த்த முதல் ஆள் என் உம்மா. இதை நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு அதிகம் இல்லை. உம்மாவுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. நான் அவவை விட மூன்று வகுப்புக் கூட. அந்த மூன்று வகுப்பை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கணக்கில் பிழை இராது.

வெள்ளைக்காரனின் சண்டை நடந்த காலம். அரிசிக்குக் கூப்பன், சீலைக்குக் கூப்பன். பாலாவியில் பிளேன் இறங்குவதற்கு நிலம் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையோரத்து மீன்பிடிகாரரில் பாதிப்பேர் வலையைக் காயப்போட்டுவிட்டு, லொறியில் ஏறி அந்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் புத்தளத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் உம்மாவின் மூத்த நானா, அதாவது என் பெரிய மாமா, நின்றார். எதிராக நின்றவர் ஒரு மருந்துக்கடைக்காரர்.

மாமாவுக்குத் தென்னந்தோட்டம் இருந்தது, கடைத்தெருவில் இரண்டு கடை இருந்தது, தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி இருந்தது. என் வாப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றதால், நாங்கள் மாமாவின் வீட்டோடு ஒட்டிய பின்வீட்டில் அவருடைய நிழலில்தான் இருந்தோம். நல்ல மனிதர். பெருநாளைக்கு எனக்குச் சட்டை எடுத்துத் தராமல் தன் பிள்ளைகளுக்கு எடுக்கமாட்டார். பிள்ளைகளுக்கு வெல்லம் கொடுப்பது போலவே ஊருக்கும் வாக்குக் கொடுத்தார். பள்ளி ஒழுங்கை நெடுக விளக்குக் கம்பம் நாட்டுவேன் என்று மேடையில் சொன்னார். இருட்டினால் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சட்டம் போட்டிருந்த காலம் அது. ஜன்னலில் கறுப்புச் சீலை கட்டியிருந்த சனங்கள் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னது ஒன்றே ஒன்று: வட்டாரத்துக்கு ஒரு மருத்துவிச்சியை எடுத்துத் தருவேன். அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. கூட்டத்துக்குப் போனவர்கள் எல்லாம் ஆம்பிளைகள்.

அந்தக் காலத்தில் கடுதாசியில் படமும் இல்லை, புள்ளடி போடுவதும் இல்லை. நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. மறைவுக்குள் போய், விருப்பமான நிறத்துப் பெட்டியில் கடுதாசியைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். மாமாவுக்கு மஞ்சள், மற்றவருக்குச் சிவப்பு. தொப்பியின் நிறம் எதிராளிக்குப் போய்விட்டதே என்று மாமா அன்றைக்கே முகம் சுளித்தார்.

வாக்குப் போடுகிற இடம் இரண்டு. கடைத்தெரு, பள்ளி ஒழுங்கை ஆம்பிளைகளுக்குப் பொடியன்மார் பள்ளிக்கூடம். அதற்கு ஒரே ஒரு வாசல், அதுவும் தெருப் பக்கம். மானமுள்ள குடும்பத்துப் பெண்கள் ஆம்பிளைகளுக்கு நடுவே வரிசையில் நிற்பதா? மாமாவும் பெரிய மனிதர்களும் கூடிப் பேசி, வட்டாரத்துப் பெண்கள் அத்தனை பேரும் கரையோரத்தில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் போடுவதென்று கேட்டு வாங்கினார்கள். கிட்டங்கிக்கு முன்வாசலும் உண்டு, பின்வாசலும் உண்டு. முன்வாசலால் கரை ஆம்பிளைகள், பாய் கட்டி மறைத்த பின்வாசலால் பெண்கள். உள்ளே பெட்டி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

எங்கள் பெண்களை ஏற்றி இறக்க மாமா தன் கூடார மாட்டுவண்டியைத் தந்தார். அந்த வண்டிக்குத் திரை கட்டிக் கூடப் போகும் பொறுப்பு உம்மாவுக்கு. "ஒருத்தரையும் விட்டிராத தங்கச்சி" என்றார் மாமா. உம்மா ஒருவரையும் விடவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு, என் கையில் இரண்டு சிரட்டையைத் தந்தா. நான் விளையாடக் கடற்கரையில் பொறுக்கி வைத்திருந்த சோகிகளை, சோழி என்பார்களே அவற்றை, மடியில் கட்டிக்கொள்ளச் சொன்னா. வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சிரட்டையில் ஒரு சோகி. கரைப் பெண்கள் நடந்தே வந்தார்கள். தண்ணீருக்குப் போகிற வழியில் குடத்தோடு வந்து, கிட்டங்கிச் சுவரோரம் குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டு வருவார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் மற்றச் சிரட்டையில் ஒரு சோகி.

எட்டு எட்டுப் பேராகப் பத்துத் தரம் போனோம். கடைசித் தரம் உம்மாவும் எட்டில் ஓர் ஆளாக இறங்கி உள்ளே போனா. வழியில் ஒரு மதகு உண்டு. அந்த மதகில் சில்லு ஏறி இறங்கும்போது உம்மா வண்டிப் பலகையைக் கையால் தட்டி, "இந்தப் பலகையிலதான் எங்கட தங்கச்சி கிடந்த. மதகு தாண்டல்ல" என்பா. வேறொன்றும் சொல்லமாட்டா. முந்திய வருடம் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, பிள்ளைப்பேற்றில் மவுத்தாகிப் போனது ஊருக்கே தெரியும். மருத்துவிச்சி வேறு ஊரில். மாமாவின் காரில் பெற்றோல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு என்று இந்த வண்டியில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஏறியிருந்த பெண்கள் உம்மாவின் கதையைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது. கேட்ட கதையையே எத்தனை தரம் கேட்பது?

மறுநாள் காலை மாமாவின் மண்டபத்தில் சாவு வீடு மாதிரிச் சனம் வந்து போய்க்கொண்டிருந்தது. மாமா பன்னிரண்டு வாக்கால் தோற்றுப்போனார்.

வந்தவர்கள் போன பிறகு மாமாவும் அவருடைய கிளாக்கரும் மட்டும் இருந்தார்கள். கிளாக்கர் காதில் பென்சில் செருகிய மனிதர். காதில் பென்சில் இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது என்று நாங்கள் சிரிப்போம். மடியில் கடுதாசியை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தார்.

"பள்ளிக்கூடத்தில நமக்கு எட்டுக் கூட, முதலாளி. கிட்டங்கியில மஞ்சள் அறுபத்தஞ்சு, சிவப்பு எண்பத்தஞ்சு. அங்கதான் விழுந்த. கரையாக்கள் கழுத்தறுத்திட்டாங்க."

மாமா தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். "என்ட கிணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு, சிவப்பில போட்ட வாயாலயே எனக்கு சலாமும் சொல்றாங்க. பூட்டு வாங்கிட்டீங்களா?"

"இந்தா இரிக்கி, முதலாளி."

"நாளைக்கு ஜும்மா முடிஞ்ச கையோட தோட்டத்து வாசல்ல போடுங்க."

கரையோரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். மாமாவின் தோட்டத்துக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதைப் பூட்டினால் அந்தப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு கட்டை தூரம் நடக்க வேண்டும். எனக்கு அது விளங்கியது. நான் எண்ணிய குடங்கள் அல்லவா அவை.

கதவுத் திரைக்குப் பின்னால் உம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. கிளாக்கர் அந்நிய ஆள். அவர் முன்னால் உம்மா வரமாட்டா.

"நானா, ஒரு கணக்குக் கேக்கலாமா?"

"அடுப்படிக் கணக்கா?" என்றார் மாமா. கிளாக்கர் மரியாதைக்குச் சிரித்தார்.

"ஓம், அடுப்படிக் கணக்குத்தான். மகள், சோகியெல்லாம் எடுத்திட்டு வா."

நான் ஓடிப்போய் இரண்டு சிரட்டையையும், மிச்சச் சோகி கட்டியிருந்த துணியையும் கொண்டுவந்து மாமாவின் காலடியில் பாயில் உட்கார்ந்தேன். பாயின் வலப்பக்கம் மஞ்சள், இடப்பக்கம் சிவப்பு என்று உம்மா திரைக்குள் இருந்து சொன்னா.

"கிளாக்கரிட்ட கேளுங்க நானா. கரை ஆம்பிளைகள் எத்தின பேர் வந்து போட்ட?"

கிளாக்கர் பட்டியலைப் பார்த்தார். கோடு போட்டு வைத்திருந்தார். "முப்பது. மத்தவங்க லொறியில பாலாவிக்குப் போயிட்டாங்க."

"மகள், முப்பது சோகிய சிவப்பில வை. குடச் சிரட்டையையும் சிவப்பில கவுத்து."

குடச் சிரட்டையில் நாற்பது. மாமாவே குனிந்து எண்ணினார்.

"கரை ஒருத்தர் விடாம சிவப்பில போட்டதெண்டு வையுங்க. உங்கட மனசில உள்ளதும் அதுதானே? எழுபது. பெட்டியில எண்பத்தஞ்சு. மிச்சப் பதினஞ்சு எங்கேருந்து வந்த?"

கிளாக்கர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். கடுதாசியைப் பார்த்தார். மறுபடியும் காதில் செருகினார். "கள்ள வோட்டா இரிக்கும்" என்றார்.

"மற்றச் சிரட்டையில எண்பது கிடக்குது. முப்பதும் நாப்பதும் எண்பதும் எத்தின?"

"நூத்தைம்பது" என்றேன் நான், கிளாக்கர் வாய் திறக்குமுன்.

"மஞ்சளும் சிவப்பும் கூட்டினா?"

"நூத்தைம்பது" என்றார் கிளாக்கர், மெதுவாக.

"அப்ப கள்ள வோட்டு ஒண்டும் இல்ல. மகள், வண்டிச் சிரட்டையில பதினஞ்ச எண்ணி சிவப்பில போடு. மிச்சத்த மஞ்சள்ல கொட்டு."

கொட்டினேன். பாயில் தேர்தல் அப்படியே கிடந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளாக்கரின் கடுதாசியில் கடைத்தெரு, பள்ளி ஒழுங்கை, கரை என்று மூன்று கோடு இருந்தது. வண்டியில் போன எண்பது பேருக்குக் கோடு இல்லை. பிறர் கண்ணில் படக்கூடாது என்று மறைத்துக் கொண்டுபோன பெண்களை அவர்கள் கணக்கிலும் மறந்துபோனார்கள். எங்கள் வாக்கு எங்கே போய்விடும், மாமாவின் வண்டியில் ஏறியது மாமாவின் பெட்டியில்தானே விழும் என்று இருந்திருப்பார்கள்.

"நம்மட பொம்புளைகளா?" என்றார் மாமா. பிறகு குரல் மாறியது. "யார் அந்தப் பதினஞ்சு?"

அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. எண்பது பெண்களின் புருஷன்மாரில் பாதிப்பேர் மாமாவின் கடையிலும் தோட்டத்திலும் நின்றவர்கள். கரைக்கு வாங்கிய பூட்டு இனி எந்த வாசலுக்கோ.

"தெரியாது நானா. பெட்டிக்கிட்ட ஒருத்தர ஒருத்தர் பாக்கேலாது" என்றா உம்மா. "ஒண்டு மட்டும் தெரியும். அந்தப் பதினஞ்சில ஒண்டு இந்தப் பின்வீட்டுச் சோகி" என்றா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நேரமும் பிழையில்லாமல் வந்த கணக்கில் உம்மா கடைசியில் சறுக்கிவிட்டாவே! "இல்ல உம்மா, நாம மஞ்சள்தானே!" என்று சொல்லி, சிவப்புப் பக்கத்தில் இருந்து ஒரு சோகியை எடுத்து மஞ்சளில் வைத்தேன்.

திரை அசைந்தது. உம்மாவின் கை வெளியே வந்தது. முழங்கை வரை அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் அந்தக் கை வந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கிளாக்கர் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கை நான் வைத்த சோகியை எடுத்துச் சிவப்புக்குள் திரும்ப வைத்துவிட்டு, அங்கேயே நின்றது.

"தங்கச்சி," என்றார் மாமா. "நீயா?"

"உங்களுக்கு ரெண்டு தங்கச்சி இருந்த, நானா."

கை உள்ளே போய்விட்டது. தோட்டத்துப் பக்கம் கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. மாமாவும் கேட்டிருப்பார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"மத்தப் பதினாலையும் நான் கேக்கமாட்டன்" என்றார். "கிளாக்கர், இந்தப் பூட்ட வாங்கின கடையிலயே திருப்பிக் குடுத்திடுங்க."

"திருப்பி எடுக்கமாட்டாங்களே, முதலாளி."

"அப்ப உங்கட வாயில போட்டுக்கொள்ளுங்க."

கிளாக்கர் அந்தப் பூட்டைச் சாகும்வரை திறக்கவில்லை. உம்மாவின் கதை அவர் வழியாக வெளியே போகவே இல்லை.

மாமா எங்கள் பக்கம் வர இரண்டு மாதம் சென்றது. பெருநாளைக்கு வந்தார், எனக்குச் சட்டையோடு. மருத்துவிச்சி வந்து தங்க வீடு இல்லாமல் மருந்துக்கடைக்காரர் அலைகிறார் என்று கேள்விப்பட்டபோது, கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையை மாமாதான் ஒதுக்கிக் கொடுத்தார். அடுத்த தேர்தலுக்கு நின்றபோது மேடை ஏறுமுன் கதவுத் திரைக்குக் கிட்ட வந்து, "தங்கச்சி, இந்தமுறை வண்டியில என்ன கதை?" என்று கேட்டார். மதகுக் கதை எப்படியோ அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வென்றும் போனார்.

நானோ வெகுகாலம், உம்மா நூற்றைம்பதில் ஒன்றைத் தவறவிட்டவ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். குர்ஆன் ஓதப்போன இடத்தில் கூட்டாளிகளிடம் சொல்லியும் இருக்கிறேன்.

சோகி விளங்கியது எனக்குப் பிள்ளை பிறந்தபோது. வண்டி விளங்க இன்னும் சென்றது. பத்துத் தரமும் நான் அந்த வண்டியில் இருந்தேன். மதகில் உம்மா பலகையைத் தட்டியதைப் பத்துத் தரமும் கண்டேன். துக்கத்தில் புலம்புறா என்று நினைத்தேன். ஒவ்வொரு தரமும் ஏறினது வேறு எட்டுப் பேர், கேட்ட கதையைக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் சோகி எண்ணிக்கொண்டிருந்தேன்.