தண்ணி தெளித்த வீடு

லகாட் ஊரில் எங்கள் வரிசையின் கடைசி வீடு உடையப்பனுடையது. அதற்கு முந்தியது புனிதாவுடையது. இரண்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றுதான். அவர் அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் சாமி படம் ஆடும்.

வீடுகள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம். தோண்டியவர்கள் விட்டுப்போன சாம்பல் நிறக் களிமண்ணைத் தள்ளி நிரவி, அதன்மேல் இந்த வரிசையைக் கட்டினார்கள். மழைக்காலத்தில் அந்த மண் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கும். வெயில் காலத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இது எல்லோருக்கும் தெரியும். மேலே நிற்கும் வீடும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

புனிதா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். தோட்டம் கைமாறியபோது லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். போக இடமில்லாதவர்கள் போகவில்லை. ஒருநாள் லாரி வந்தது. ஆட்கள் இறங்கி, வீடு வீடாகக் கதவுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவரையோ கூரையையோ தொடவில்லை. புனிதா வாசலில் ஒரு புடவையைத் தொங்கவிட்டாள். அந்தப் புடவைக்குப் பின்னால்தான் அவள் புருஷன் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனான். விடிவதற்குள் நாய் உள்ளே வந்து அவன் காலை மோந்து பார்த்தது. இதை அவளே சொல்வாள். சொல்லும்போது அவள் குரல் மாறாது.

லகாட் வீட்டுக்கு வந்ததும், வீட்டோடு கொடுத்திருந்த ஒட்டுப்பலகைக் கதவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான மரக்கதவு ஒன்றை மாட்டினாள். பாத்திரம் கழுவ உஸ்மானின் சாப்பாட்டுக் கடைக்குப் புறப்படும்போது பூட்டுவாள். இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அசையாது. பிறகுதான் மோட்டார் சைக்கிளை உதைப்பாள்.

மழை தள்ளிப்போன அந்த வருஷம், கதவு முதலில் தரையைத் தேய்த்தது. பிறகு மேல் மூலையில் முட்டியது. நிலைக்கு மேலே சாய்வாக ஒரு வெடிப்பு, செங்கல் செங்கலாகப் படியேறிக்கொண்டு போனது. அவள் சிமெண்டு பூசினாள். பூசிய இடத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. குனோங் ராபாட்டிலிருந்து தனேஸ்வரனை வரவழைத்தாள். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவன்.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். “பூசிட்டுப் போயிரவா, உண்மையச் சொல்லவா அக்கா?”

“உண்மையையே சொல்லு தம்பி.”

“செவுருக்கு ஒண்ணும் இல்ல. அடியில மண்ணு காயிது. காஞ்சா சுருங்கும், சுருங்குனா வீடு எறங்கும். நீங்க பூசுங்க, அது வெடிக்கும். நீங்க பூசுங்க, அது வெடிக்கும்.”

“அப்ப என்னா செய்யிறது?”

“மண்ணுக்கு ஈரம் குடுங்க. மழ வர்ற வரைக்கும் விடாம குடுக்கணும். வாளியால கொட்டுனா பிரயோஜனம் இல்ல, கசியணும். சுத்தி ஒரே மாதிரி இருக்கணும் லா. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காஞ்சி கெடந்தா வீடு முறுக்கிக்கும். பக்கத்து வீட்டுலயும் செய்யச் சொல்லுங்க. செவுரு ஒண்ணுதான?”

போகிற போக்கில், பின்பக்கத்து எல்லையில் நின்ற உடையப்பனின் வேப்பமரத்தைக் காட்டினான். “இருக்குறதுலயே பெரிய குடிகாரன் இதுதான். வெட்டிட்டா...” என்று ஆரம்பித்தவன், அடிமரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியையும் நட்டிருந்த சூலத்தையும் பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

புனிதா பழைய ரப்பர் குழாயில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளை போட்டு, வீட்டின் முன்னும் பின்னும் மண்ணில் பதித்தாள். குழாயைத் திருகினால் பால் சொட்டுகிற மாதிரி சொட்டும். வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம், வந்தபின் கொஞ்ச நேரம். செடி இல்லாத வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடும் பெண்ணை வரிசையே வேடிக்கை பார்த்தது.

உடையப்பன்தான் அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தார். சின்னக் கோயில் ஒன்றுக்குத் தலைவர். சிரிக்காமல் கேலி பேசக்கூடியவர்.

“என்னா தங்கச்சி, வீட்டுக்குத் தண்ணி தெளிச்சாச்சா?”

ஒரு பிள்ளையை இனி உருப்படாது என்று கைகழுவிவிடும்போதுதான் எங்கள் ஆட்கள் தண்ணி தெளித்தாயிற்று என்பார்கள். வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பெயரே ‘தண்ணி தெளிச்சவ’ என்றாயிற்று.

“சிரிங்க அண்ணே. நீங்களும் உங்க பக்கம் கொஞ்சம் ஊத்துங்க. நம்ம செவுரு ஒண்ணு.”

“எனக்குக் காவலுக்கு ஆத்தா நிக்கிறா. ஒனக்குத்தான் பைப்பு வேணும்.”

ஆத்தா, வேப்பமரமாக நின்று, இரண்டு வீட்டுக்கும் அடியிலிருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் கதவு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. முட்டுவது நின்றது. புனிதா மறுபடி இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அப்போதுதான் தண்ணீர் வெட்டு வந்தது. இருக்கிற தண்ணீரை இவள் மண்ணில் கொட்டுகிறாள் என்று வரிசை முணுமுணுத்தது. நாலு பேர் முன்னால் உடையப்பன் அவள் குழாயைத் திருகி மூடினார். சமையலுக்கு இல்லாதபோது மண்ணுக்கு ஊற்றுவது தப்பு என்றுதான் அவளும் நினைத்தாள்.

உஸ்மான் கடைக்கு லாரியில் தண்ணீர் வந்தது. பானை பானையாக அரிசி கழுவுவார்கள்; கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

“இத நான் எடுத்துக்கவா தம்பி?”

“எடுத்துட்டுப் போங்க லா அக்கா. சாக்கடைக்கு என்னா, அதுவா நன்றி சொல்லப் போவுது?”

மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்த் தோம்புகளைக் கட்டி, வெள்ளை வெள்ளையாகத் தளும்பும் தண்ணீரைக் கொண்டுவந்தாள். தோம்பைத் திண்டின்மேல் வைத்துக் குழாயைச் செருகினால் பழையபடி சொட்டியது. கொஞ்சம் புளித்த வாடை. எறும்பு வந்தது. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் உடையப்பனின் மனைவி மாரியம்மா, துணி காயப்போடுகிற பாவனையில் பின்பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஏ புனிதா. எங்க அடுப்படியில சோத்தாங்கை போற அளவுக்கு வெடிச்சிருக்கு. அவரு காலண்டர மாட்டி மறைச்சி வச்சிருக்காரு. எங்க பக்கமும் கொஞ்சம் விடேன்.”

“அண்ணே ஏசுவாரே அக்கா.”

“அவரு கோயிலுக்குப் போறப்ப விடு. நான் பாத்துக்கிறேன்.”

புனிதா குழாயை நீட்டினாள். வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த வீட்டின் பின்சுவர் ஓரமாகவும் கொண்டுபோனாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் இருந்தால் சுவர் நிற்கும் என்று தனேஸ்வரன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்காக மரத்தடியைக் கூட்டப் போனபோது உடையப்பன் பார்த்தார். சூலத்தைச் சுற்றி வெள்ளைப் படிவு. எறும்புச் சாரை. மோந்து பார்த்தார்.

வரிசை கூடிவிட்டது.

“ஆத்தா வேர்ல என்னாத்த ஊத்துன?”

“அரிசி கழுவுன தண்ணிண்ணே.”

“எந்தக் கட அரிசி? அங்க என்னென்ன கழுவுறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? எலும்பு கழுவுன எச்சத் தண்ணியக் கொண்டாந்து ஆத்தா தலையில ஊத்தியிருக்கா. அதான் மழ வரல. அதான் என் அடுப்படி வெடிச்சிருக்கு!”

காலண்டருக்குப் பின்னால் இருந்த வெடிப்பை அவரே வெளியே கொண்டுவந்துவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. மழை வராததற்குப் பழி போட ஒரு முகம் கிடைத்துவிட்டது.

“வெறும் அரிசித் தண்ணிண்ணே. ரெண்டு வீட்டுக்கும்தான விட்டேன். அக்காவக் கேளுங்க.”

எல்லோரும் மாரியம்மாவைப் பார்த்தார்கள். மாரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எனக்கு என்னா தெரியும்? நான் வீட்டுக்குள்ள கெடக்குறவ.”

புனிதா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

தீட்டுக் கழிக்க வேண்டும் என்று முடிவானது. மஞ்சள் கரைத்த சொம்புடன் வேப்பிலைக் கொத்தை ஏந்தி வந்தது மாரியம்மாதான். மரத்துக்குத் தெளித்தாள். பிறகு புனிதாவின் வாசலுக்கு, கதவுக்கு, நிலைக்கு மேலிருந்த வெடிப்புக்கு, கடைசியாகப் புனிதாவின் தலைக்கு. ஒரு சொம்புத் தண்ணீர். களிமண் அதை விழுந்த இடத்திலேயே குடித்துவிட்டது. புள்ளி புள்ளியாக மஞ்சள் மட்டும் நின்றது.

“இப்பத்தான் ஒழுங்கா தண்ணி தெளிச்சிருக்கு,” என்றார் உடையப்பன். அன்று அவரும் சிரித்தார்.

பேச்சு கடைக்குப் போகாமல் இருக்குமா? உஸ்மான் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

“தண்ணி இனி வேணாம் அக்கா. இன்னைக்கி ஒங்களச் சொல்றவன் நாளைக்கி என் கடைய சொல்லுவான். சூசா லா, எனக்குத்தான் கஷ்டம்.” அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

மழை அதற்கப்புறமும் வரவில்லை. வீட்டைச் சுற்றிய மண் சுவரை விட்டு விலகியது. அந்த இடைவெளியில் ஒரு கரண்டி விழுந்து காணாமல் போனது. புனிதாவின் பின்கட்டு ஒரு மாலையில், பெரிய சத்தம் ஏதும் இல்லாமல், பெருமூச்சு விட்டதுபோல இறங்கி உட்கார்ந்தது. நடுச்சுவர் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. உடையப்பன் வீட்டுத் தொலைக்காட்சி வெளிச்சம் புனிதாவின் பாய்மேல் விழுந்தது. முன்கதவு பாதி திறந்தபடி இறுகிக்கொண்டது. தோளால் முட்டினாள்; அது மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. உள்ளே கிடந்த பழைய புடவை ஒன்றைத் தேடி எடுத்து அந்த இடைவெளியில் தொங்கவிட்டாள்.

நகர மன்றத்து ஆள் வந்து பார்த்து, புனிதாவின் வீட்டில் இனிக் குடியிருக்கக் கூடாது என்றார். மகள் சாந்தினி தாப்பா பட்டணத்திலிருந்து வந்து அழைத்துப்போனாள். கடை மாடியில் ஒற்றை அறை வீடு. அம்மாவுக்கு நடைவழியில் இடம். ஆட்கள் வந்துபோகும் வழி என்பதால் மருமகன் அங்கே ஒரு திரை போட்டுக்கொடுத்தான்.

“பாத்துப் பாத்துக் கட்டியிருக்காரும்மா, நல்ல துணி,” என்றாள் சாந்தினி.

பிறகு மழை வந்தது. விட்டு விட்டு, வாரக்கணக்கில். களிமண் குடித்தது, ஊதியது, ஏறியது. வெடிப்புகள் மயிரிழையாகச் சுருங்கின. பார்க்க ஆளில்லாத வீட்டில் கதவு மெல்ல மெல்ல நகர்ந்து, ஒருநாள் தானாக மூடிக்கொண்டது. வரிசை அதையும் வேடிக்கை பார்த்தது.

“பாத்தியா, ஆத்தா மனசு எறங்கிட்டா,” என்றார் உடையப்பன்.

புனிதா ஒரு ஞாயிற்றுக்கிழமை தாப்பாவிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கையில் திருப்புளி இருந்தது. கதவைக் கழற்றி எடுத்துப் போக வந்திருந்தாள். நடைவழியில் மாட்டலாம் என்று நினைத்திருக்கலாம். உடையப்பன் வீட்டைச் சுற்றி ஒரு ரப்பர் குழாய் பதிந்து கிடந்தது. துளைகளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“நல்ல பைப்பு, ஏன் வீணாப் போவணும்னுதான் எடுத்தோம்,” என்றாள் மாரியம்மா, துணியை உதறிக்கொண்டே.

புனிதா கதவைத் தள்ளினாள். ஊதிய நிலை அதைக் கவ்விக்கொண்டிருந்தது. கீல் உள்பக்கம். திருப்புளிக்கு வேலையில்லை.

“ஏய், ஏய்! தள்ளாத!” உடையப்பன் வெளியே ஓடிவந்தார். “கதவு நில ஆடுனா என் செவுரு போயிரும். செவுரு ஒண்ணுன்னு நீதான சொன்ன?”

அவள் திருப்புளியைப் பைக்குள் போட்டாள். சாவியை எடுத்தாள். தானாக மூடிக்கொண்ட கதவைப் பூட்டினாள். பழக்கப்படி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அசையவில்லை. தாப்பா பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.