அக்கா செய்த பின்விளக்கு

என் அக்காவைப் பொறுமைசாலி என்று எல்லாரும் சொல்வார்கள். கூடப் பிறந்தவள் சொல்கிறேன், அது பொறுமை இல்லை. அவளுக்கு மனதில் இருப்பதைச் சொல்ல வராது, அவ்வளவுதான். கோபம் வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள், பாத்திரங்கள் போடும். சந்தோஷம் வந்தாலும் அதே பாத்திரங்கள்தான். எந்தச் சத்தம் எதற்கு என்று புரிந்துகொள்ள அத்தானுக்கே கல்யாணமாகிப் பல வருஷம் பிடித்தது.

பேருந்துகளின் நெற்றியில் ஊர்ப்பெயர் மின்னி ஓடுமே, அந்த எல்.இ.டி. பலகைகளைச் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. கண்ணருகே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு, அரிசியைவிடச் சின்ன விளக்குகளை வரிசையாக வைத்து ஈயம் தொட்டு ஒட்டவேண்டும். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எல்லாரும் சரி பார்த்து அனுப்பிய போர்டை வாங்கி, ஏதோ ஒரு மூலையில் ஈயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் விரலை வைத்து, ஆளின் மானத்தை வாங்கிவிடுவாள். வீட்டிலும் அதே கண்தான். நான் துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அத்தான் அவளுக்கு நேர் எதிர். கார் சீட் தைக்கும் கடை வைத்திருந்தார். காலையில் திறந்த வாயை ராத்திரிதான் மூடுவார், ஆனால் என்னைத்தான் வாயாடி என்று கூப்பிடுவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தக் கார். அவர் பிறப்பதற்கு முன்பே ஓடிய, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். துருப்பிடித்த கூடாக வாங்கிவந்து, கடை மூடிய பிறகு கிடைத்த நேரத்தையெல்லாம் அதில் கொட்டி ஓடவைத்தார். அக்கா அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். சிரிக்காமல் சொல்வாள்.

ஒரு மழைநாள் சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருக்க, அத்தான் காரை நிறுத்தினார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. காரின் பின்பக்கம் சப்பையாக நசுங்கியது. அத்தானுக்கு இடுப்பிலும் கழுத்திலும் அடி. வேன் ஓட்டியவர் தலையில் கட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "கிட்ட வர்ற வரைக்கும் அங்க ஒரு வண்டி நிக்கிறதே தெரியலம்மா" என்று அழுதார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மாதக்கணக்கில் படுத்திருந்து அத்தான் எழுந்து நடந்தபோது கையில் தடி இருந்தது, கழுத்து திரும்பாமல் போயிருந்தது. யாராவது கூப்பிட்டால் ஆளே முழுசாகத் திரும்பித்தான் பார்ப்பார். கடையை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டார். வாய் ஓயாத மனிதர் பேச்சை நிறுத்தினார். அவருடைய சிநேகிதர் ஒருவர், அடிபட்ட கார்களுக்கு ஒடுக்கு எடுப்பவர், பிரியத்தில் காரின் பின்பக்கத்தை நிமிர்த்திக் கொடுத்தார். விளக்குகள் மட்டும் இல்லை. அந்தக் காருக்கு அவை எங்கேயும் கிடைக்கவில்லை. விளக்கு இருந்த இடத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள், பல் விழுந்த வாய் மாதிரி.

தினமும் மத்தியானம் அத்தான் ஷெட்டுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வார். எஞ்சினைப் போடமாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய கண்ணாடிகளை இரண்டு பக்கமும் மாட்டினால் தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"பின்னாடி வர்றவனை உங்களால திரும்பிப் பாக்க முடியாது. பின்னாடி வர்றவனுக்கும் உங்களைத் தெரியாது. எதுக்கு இந்த வேலை?" என்றாள்.

"அப்போ நான் இப்படியே உக்காந்து உக்காந்தே போய்ச் சேரணுமா?" என்று கேட்டார் அத்தான்.

அன்று சமையலறையில் பாத்திரங்கள் பேசிய பேச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, உடைந்த விளக்கின் சிவப்புத் துண்டு ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று அத்தானிடம் சொன்னாள்:

"லைட்டை நான் பண்றேன். நான் சரின்னு சொன்ன பிறகுதான் வண்டி வாசல் கேட்டைத் தாண்டணும்."

"சாவியை நீயே வச்சுக்கோ" என்று நீட்டினார். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அந்த மனிதர் திரும்ப மனிதராக நடமாடுவதும், சுவரைப் பார்த்துக்கொண்டே முடிந்துபோவதும் இனி அவள் கையில்தான் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும்.

சாப்பாட்டு மேஜை பட்டறையாக மாறியது. அட்டையை வட்டமாக வெட்டி ஓட்டையில் வைத்துப் பார்த்து, அதே அளவுக்கு அலுமினியத் தகட்டில் போர்டு செய்தாள். முதலில் வெள்ளை விளக்குகளைப் பதித்தாள். அந்தச் சிவப்புத் துண்டுக்குப் பின்னால் அது வெளுத்துப்போன ரோஜா நிறமாக எரிந்தது. ஒவ்வொன்றாகச் சுட்டுக் கழற்றிவிட்டுச் சிவப்பு விளக்குகளையே பதித்தாள். கண்ணாடிக்குப் பதிலாகச் சிவப்பு அக்ரிலிக் தகட்டை வளைத்து, வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் பரவுவதற்காக உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். சுற்றி மாட்ட வெள்ளிபோல மின்னும் வளையத்தை ஒடுக்கு எடுப்பவர் செய்து தந்தார்.

எல்லாம் மாட்டி முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது ஒன்றுமே எரியவில்லை. அக்கா வயர் வயராகத் தடவிப் பார்த்தாள். கடைசியில்தான் தெரிந்தது, இப்போதைய வண்டிகளில் பாட்டரியின் நெகட்டிவ் உடம்போடு சேர்ந்திருக்கும், இந்தப் பழைய காரில் பாசிட்டிவ் சேர்ந்திருக்கிறது. சாதா பல்புக்கு எப்படிக் கொடுத்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி. தலைகீழாகக் கொடுத்தால் எரியாது.

"பூதக்கண்ணாடியே பல்பு வாங்கிடுச்சு!" என்றார் அத்தான். அடிபட்ட பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அக்காவும் சிரித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வயரை மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது. எரிந்தது என்று சும்மா சொல்லக்கூடாது, ஷெட் முழுக்கச் சிவந்துபோயிற்று. ஒரே விளக்கு இரண்டு விதமாக எரியவேண்டும்: சுவிட்சைப் போட்டால் மிதமாக, பிரேக்கை மிதித்தால் முழு வேகத்தில். அந்த மிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் டிக்கிக்குள் சின்னதாக ஒரு திருகு வைத்திருந்தாள். அதைக் கூட்டிக்கொண்டே போனாள்.

"கண்ணு கூசுதுக்கா" என்றேன்.

"கூசட்டும். தெரியணும்."

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அத்தானும் சந்தோஷத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சாவி அவர் கைக்கு வந்தது.

மறுநாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் வெள்ளோட்டம். முன்னால் காரில் அத்தான். பின்னால் என் ஸ்கூட்டரில் நானும் அக்காவும். பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரிகிறது என்று அவள் கண்ணால் பார்க்கவேண்டுமாம். கார் கடைத்தெருவைத் தாண்டி மர நிழலான சாலையில் திரும்பியது. என் தோளில் அவள் கை லேசாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றாள். அந்தக் காரைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அத்தான் பிரேக்கைப் போட்டார். என் கண்முன்னால் இரண்டு சிவப்பு வட்டங்கள் எரிந்துகொண்டிருந்தன, அப்படியேதான் எரிந்துகொண்டிருந்தன. கார் நின்றுவிட்டது எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது பம்பர் காலடியில் இருந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன், ஸ்கூட்டர் சறுக்கிக் காரின் பின்பக்கம் மோதியது. இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். எனக்கு முழங்கால் சிராய்ந்தது. அக்காவின் உள்ளங்கை கிழிந்திருந்தது.

"நிக்கிறப்போ லைட்டு வராதா அத்தான்?" என்று கத்தினேன்.

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்டி!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

அக்கா ரோட்டில் உட்கார்ந்தபடியே, "விடுங்க" என்றாள். பிறகு, "மிதிங்க." மறுபடி, "விடுங்க." விளக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சும்மா எரிவதே அத்தனை பிரகாசமாக இருந்தால் பிரேக்குக்கு மேலே ஏற ஏது இடம்?

"எரியிறதுக்கும் நிக்கிறதுக்கும் வித்தியாசமே இல்லாமப் பண்ணி வச்சிருக்கேன்" என்றாள். அடுத்தவர் வேலையில் ஊசிமுனை அளவு குறையைக்கூட விடாதவள், தான் செய்த விளக்கைப் பார்த்து அதைச் சொன்னாள். எனக்கு வலி மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "இந்த வண்டி இனிமே வேண்டாம். வித்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. அத்தான் மறுபடியும் ஷெட்டில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டுப் போக நான் நல்லவள் இல்லை. மறுநாள் சாயங்காலம் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "திருகை நாலு சுத்துக் குறைச்சா சரியாப் போற விஷயம். அதுக்குப் போய் அவரை உயிரோட புதைக்கிறியா?" என்று கேட்டேன். ரொம்பக் கடுமையாகத்தான் கேட்டேன். அவள் எழுந்து வந்தாள்.

காரை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம். அத்தான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தார். அக்கா டிக்கியைத் திறந்து குனிந்து திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். நான் கேட்டைத் தாண்டித் தெருவில் தள்ளி நின்றேன்.

"குறை" என்றேன். குறைத்தாள்.

"இன்னும்."

கொஞ்சம் குறைந்தது. "போதும்டி" என்றாள்.

"போதாதுக்கா. எனக்கு இன்னும் வித்தியாசம் தெரியல. குறை."

வெளிச்சம் குறையவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் திருகில் உட்காராமல் வழுக்கிக்கொண்டிருந்தது. அப்படியே பம்பருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிபட்ட அன்னிக்கு நீங்க சொன்னீங்க" என்றாள். "பின்னாடி லைட்டு எரியல, கொஞ்சம் பாருன்னு சொன்னீங்க. உங்க சக்களத்திக்கு நான் வேலைக்காரியான்னு கேட்டேன். எர்த் வயர்ல துருவைச் சுரண்டி விட்டிருந்தாப் போதும், எரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அத்தானால் திரும்ப முடியாது. முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பின்னந்தலையைப் பார்த்துத்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். "எரியலன்னு எனக்குத் தெரியும்ல?"

அக்கா நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சுதானே எடுத்துட்டுப் போனேன். மழை பெய்யுது, இருட்டிட்டு வருது, லைட்டு இல்ல. இருந்தும் எடுத்தேன். நீ முடியாதுன்னு சொன்னதுல வந்த வீம்பு. நீ ஜன்னல்ல நின்னு பாக்குறேன்னு தெரிஞ்சு வேணும்னே வேகமா எடுத்தேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீ மறந்துட்டேன்னு நினைச்சேன். மறந்ததை எதுக்குக் கிளறணும்?"

"நானும் நீங்க மறந்துட்டீங்கன்னு…" என்றாள் அக்கா. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டு வருஷம் ஊமையாக இருந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"அந்த வேன்காரர் உண்மையத்தான் சொன்னாரு" என்றாள் அக்கா.

"ஆமா. வர்ற ஞாயித்துக்கிழமை போய் நானே சொல்லிடறேன்."

"நானும் வர்றேன்."

அக்கா பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகில் வைத்தாள். நான் ஓடிப்போய்த் தெருவில் நின்றேன். விளக்கு மங்கியது, இன்னும் மங்கியது, அடுப்பில் அணையப்போகும் கரி அளவுக்கு வந்தது. அத்தான் பிரேக்கை மிதித்தார். முற்றம் முழுக்கச் சிவப்பு குதித்து எழுந்தது.

"தெரியுதுக்கா!" என்று கத்தினேன். "நல்லாத் தெரியுது!"

அவள் டிக்கியை மூடினாள். அக்காவின் கைப்பையிலிருந்த சாவிக்குக் காத்திராமல், தன் சட்டைப் பையிலிருந்தே உதிரிச் சாவியை எடுத்தார் அத்தான். எத்தனை நாளாக அது அவரிடம் இருந்ததோ! அக்கா அதைப் பார்த்தாள்.

"நீ வரலையா? ரெண்டு பேர் உக்காரலாம்" என்றார்.

"நான் பின்னாடி நின்னு பாக்கணும். நீங்க போயிட்டு வாங்க."

கார் பின்பக்கமாகவே கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து திரும்பி நின்றது, பிறகு கிளம்பியது. சின்னதாக இரண்டு சிவப்புப் பொட்டுகள் தெருவில் போய்க்கொண்டே இருந்தன. முனையில் திரும்புவதற்கு முன் அவை பளிச்சென்று பெரிதாயின. கார் நின்றது என்று எங்களுக்குத் தெரிந்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியாது, அது அக்காவுக்கும் தெரியும். இருந்தும் கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஆட்டினாள். கார் திரும்பி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றாள்.