சில்லு சுற்றினால்தான் டேங்கோ

சித்தப்பாவுக்குக் கால் போனபோது நான்தான் அழுதேன். அவர் அழவில்லை, சித்தியும் அழவில்லை. என்ன சனமப்பா இது என்று அப்போது நினைத்தேன்.

அவர் என் அப்பாவின் தம்பி, கப்பல்காரர். குருநகரில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வளவு. எண்பதுகளின் நடுவில் கப்பலை விட்டு வந்தவர், ஆர்ஜென்டீனாவிலிருந்து ஒரு கசெற்றும் டேங்கோ என்ற ஆட்டமும் தாங்கமுடியாத பெருமையும் கொண்டுவந்தார்.

"கப்பலிலை போய் இறங்கின ஏழைச் சனம் துறைமுகத்தடியிலை ஆடின ஆட்டம் இது," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். "அங்கத்தைய பெரியாக்கள் முகம் சுளிச்சவை. பாரிஸிலை ஆடத் துவங்கினாப் பிறகுதான் அவைக்கும் இனிச்சது. இடையிலை படுத்துப்போய் இப்ப திரும்ப எழும்பியிருக்கு. இளசுகள் விழுந்து விழுந்து பழகுதுகள்."

ஏழைகளின் ஆட்டத்துக்கு இப்படிப் பரிந்து பேசிய மனுஷன் தன் பெண்சாதியை என்ன பாடு படுத்தினார் என்று கேளுங்கள். சித்திக்கும் அந்த ஆட்டத்தில் விசர் பிடித்திருந்தது. அடுப்படியில் கறி கொதிக்கும்போதே காலை நகர்த்தி நகர்த்திப் பழகுவார். கோயில் திருநாள் முடிந்து பங்கு மண்டபத்தில் நடந்த விருந்தில், புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு சித்தப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"உன்ரை காலுக்கு உதெல்லாம் சரிவராது. போய் ரோல்ஸைக் குடு," என்றார் சித்தப்பா, எல்லோருக்கும் கேட்க. பிறகு ஒரு இங்கிலிஷ் ரீச்சரின் இடுப்பைப் பிடித்து ஆடினார். சனம் சிரித்தது. சித்தி ரோல்ஸ் தட்டோடு நின்று கடைசிவரை பார்த்தார்.

பிறகு சண்டை மூண்டு யாழ்ப்பாணத்தில் கரண்ட் அடியோடு போனது. அதற்குப் பிறகு ஒரு ஷெல் விழுந்து சித்தப்பாவின் வலது கால் முழங்காலோடு போனது. அவர் ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே சித்தி சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரைக் கசெற் பெட்டிக்குக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் பாட்டும் செய்தியும் கேட்டது அப்படித்தான். பெடலைக் கையால் சுற்றிச் சில்லை ஓட்ட ஒரு ஆள் வேண்டும்.

"இஞ்சாருங்கோ, சுத்துங்கோ," என்றார் சித்தி.

சித்தப்பாவைக் கதிரையோடு இழுத்துச் சைக்கிளடியில் விட்டுவிட்டு, இரண்டு பேர் அணைத்து ஆடவேண்டிய ஆட்டத்தை அவர் கண்முன்னால் தனியே ஆடினார். பின்னேரம் தவறாமல் ஆடினார். நன்றாகவும் ஆடினார், பொய் சொல்ல மாட்டேன். சித்தப்பாவும் லேசுப்பட்டவரில்லை. சித்தி திரும்பப்போகும் நேரம் பார்த்துக் கையை மெதுவாக்குவார். பாட்டு இழுபட்டு மாடு கத்துவதுபோல் வரும், சித்தி தடுமாறுவார்.

"சரியாச் சுத்துங்கோ."

"நீ முதல்லை சரியா ஆடு."

"நல்லா ஆடுறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. விட்டிடுறன்."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவும். சித்தப்பா வாயைத் திறக்கமாட்டார். நான் இடையில் போனால், "நீ உன்ரை வேலையைப் பார்," என்று இரண்டு பேருமே சொல்லுவார்கள். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்க வெளிக்கிட்டது. மழை வேறு. ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் முன்னுக்கே போய்விட்டார்கள். சித்தப்பாவைக் கொண்டுபோக எங்களிடம் அந்தச் சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. அது கவிழ்ந்தபடியே நின்றது. சித்தி அதை நிமிர்த்தவில்லை.

"இப்ப சொல்லுங்கோ. சொன்னாத்தான் ஏத்துவன்."

"சித்தி, உங்களுக்கென்ன விசரே?" என்று நான் கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. படலைக்கு வெளியே சனம் அள்ளுப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா படலையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"நல்லா ஆடுறாய்," என்றார். "என்னைவிட நல்லா ஆடுறாய்."

பயத்தில் சொன்னாரோ, மெய்யாகத்தான் சொன்னாரோ, எனக்கு இன்றும் தெரியாது. சித்தி கசெற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து சைக்கிளை நிமிர்த்தி, சித்தப்பாவைக் கரியரில் ஏற்றிச் சேலையால் கட்டினார். சித்தியும் நானும் சனத்துக்குள்ளால் உருட்டிக்கொண்டு போனோம்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. விடிந்ததும் சித்தப்பா நாங்கள் சாமான் கொண்டுவந்த உரப்பையைக் கொட்டிக் கிளறினார்.

"கசெற் எங்கை?"

"கிணத்துக்கை போட்டிட்டன்."

"ஏனடி?"

சித்தி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். "நீங்கள்தான் சொல்லிப்போட்டியளே. இனி எனக்கு அது என்னத்துக்கு?"

காலுக்கு அழாத மனுஷன் அந்த வகுப்பறையில், அத்தனை சனத்துக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார். சித்தி சேலையை உதறிக் காயப்போட்டார்.